பஸ் ஸ்டாப் இங்கிலீஷ்

நீதிமன்றக் கட்டடத்துக்கு இரண்டு கடை தள்ளி, ஒரு ஜெராக்ஸ் மெஷினும் ஒரு கம்ப்யூட்டரும் போட்டபின் ஆள் நிற்க இடமில்லாத கடை அவனுடையது. வேலைக்கு மனு, பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர், வீட்டு ஓனர் மேல் புகார், எதுவானாலும் நம் ஜனங்கள் அங்கேதான் வந்து நிற்பார்கள். அந்த வெளிநாட்டு ஊரில் ஆபீஸ் என்று பேர் வைத்த எல்லா இடத்திலும் இங்கிலீஷ்தான் செல்லும். இவன் எழுதிக் கொடுத்தால் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் எழுதினது போல இருக்கும் என்று பேச்சு. அப்பா அம்மா வைத்த பேரை மறந்துவிட்டு எல்லாரும் அவனை டிக்‌ஷனரி என்றுதான் கூப்பிட்டார்கள். சும்மா இருங்கப்பா என்று வெளியே சலித்துக்கொள்வான். உள்ளே உச்சி குளிர்ந்துபோகும்.

உண்மையில் டிக்‌ஷனரியை அவன் தொடுவதே இல்லை. அர்த்தம் எவனுக்கு வேண்டும், ஒரே அர்த்தமுள்ள நாலு வார்த்தையில் எது தானாக வாயில் வரும் என்று தெரிவதுதான் வித்தை என்பான். கட்டடம் உயரம் என்றால் 'டால்', விலை உயரம் என்றால் 'ஹை'. தப்பு பெரிசு என்றால் 'பிக்'. அங்கே 'லார்ஜ்' என்று எழுதினாலும் புரியும், ஆனால் வெளியூர்க்காரன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி. மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. மாற்றிப் போட்டால் படிக்கிறவன் உதட்டோரமாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பல வருஷம் வாங்கித்தான் இவன் இதையெல்லாம் கற்றுக்கொண்டான்.

அவனிடம் ஒரு சோதனை இருந்தது. கடைக்கு எதிரே ஒரு பஸ் ஸ்டாப். பதினோரு வருஷமாக அங்கே நிற்கிறவர்கள் பேசுவதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவன் அவன். ஒரு வாக்கியம் எழுதி முடித்ததும் அதை வாய்விட்டுப் படிப்பான். பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண்மணி பக்கத்தில் நிற்பவளிடம் இதைச் சொல்வாளா? சொல்வாள் என்றால் வாக்கியம் தேறிவிட்டது. சொல்லமாட்டாள் என்றால் அடித்துவிட்டு வேறு வார்த்தை போடுவான். அப்படி எழுதின மனுக்களில் பாதிக்கு மேல் பலித்திருக்கின்றன. அதனால் சாமி மேல் இல்லாத நம்பிக்கை அவனுக்கு அந்த பஸ் ஸ்டாப் மேல் இருந்தது.

தங்கை அவன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆறு வயசுப் பெண்ணை வலது கையில் பிடித்துக்கொண்டு, தோளில் ஒரே ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். இடது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. எலும்பு முறிந்து, டாக்டரிடம் காட்டாமல், தானாகக் கூடின கை. என்னடி இது என்று அண்ணி கேட்டதுதான் தாமதம், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அண்ணி அழுதாள். அண்ணன்காரன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு எங்கே பார்ப்பான்? அந்த மாப்பிள்ளையைக் கொண்டுவந்ததே அவன்தான். இரண்டு பேரும் ஒரே மாலைநேர வகுப்பில் இங்கிலீஷ் படித்தவர்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பையன் என்று அம்மாவிடம் அடித்துச் சொல்லித் தங்கையைக் கட்டி வைத்தான். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதை என்பார்கள். இங்கே பூனைக்கு நற்சான்றிதழும் அண்ணனே கொடுத்திருந்தான். கல்யாணமான மறுவருஷம் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை, பரிமாறிக்கொண்டிருந்தவளைக் காட்டி, அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க மச்சான் என்று சிரித்தான். இவனும் கூடச் சிரித்தான். அதற்கப்புறம் இரண்டு தடவை தங்கை போன் பண்ணி அழுதாள். இரண்டு தடவையும், கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா என்று சொல்லி வைத்துவிட்டான்.

இப்போது விஷயம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. மாப்பிள்ளை அவள் பக்கம் வரக்கூடாது, குழந்தை அம்மாவோடு இருக்கவேண்டும் என்று ஒரு உத்தரவு. அது கிடைத்தால் பிழைத்தாள். கிடைக்காவிட்டால் பிள்ளை அவன் வீட்டுக்குப் போகும். அரசாங்கம் ஒரு இலவச வக்கீலம்மாவைக் கொடுத்திருந்தது. நல்ல மனுஷி, ஆனால் கையில் நாற்பது கேஸ். உன் தங்கை அவள் பாஷையிலேயே சொல்லட்டும், நடந்ததை நடந்தபடி சொல்லட்டும், மொழிபெயர்க்க கோர்ட்டே ஆள் கொடுக்கும் என்று அந்தம்மா படித்துப் படித்துச் சொன்னாள்.

டிக்‌ஷனரிக்கு அது மானப்பிரச்சினையாகிவிட்டது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவன், தன் தங்கை கதையை யாரோ ஒரு ஆள் கையில் கொடுப்பதா? மொழிபெயர்த்தது மொழிபெயர்த்த வாசனையோடுதான் வரும், முதல் வரியிலேயே ஜட்ஜுக்கு நாம் வேற்றாள் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் பாதி கேஸ் அங்கேயே போச்சு என்று வீட்டில் விளக்கினான். கோர்ட் பாரத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருந்த கட்டத்தில், வேண்டாம் என்று டிக் அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணனும் தங்கையும் உட்கார்ந்தார்கள். கோர்ட்டுக்குக் கொடுக்கவேண்டிய வாக்குமூலத்தை அவள் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் டைப் அடித்தான்.

அடித்தார் என்று ஆரம்பித்தாள். 'பீட்' என்று அடித்துவிட்டு வாய்விட்டுப் படித்தான். பழைய பாடப்புத்தகத்து வாசனை அடித்தது. 'ஹிட்' போட்டுப் பார்த்தான், அதுவும் எடுப்பாகத் துருத்திக்கொண்டு நின்றது. பஸ் ஸ்டாப்பில் புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் பேசுகிறவர்கள் என்ன சொல்வார்கள்? எங்களுக்குள் ஒரு 'ஃபைட்' என்பார்கள். அதைப் போட்டான். வாக்கியம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"அப்புறம்?"

"கையை ஈரத்துணி பிழியற மாதிரி முறுக்கினார்ணா. டொக்குன்னு சத்தம் வந்துச்சு. அப்பவும் விடல."

'ட்விஸ்ட்' என்று எழுதினால் போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருந்தது. சத்தத்தை எழுதினால் துப்பறியும் கதை மாதிரி இருந்தது. 'கிராப்' என்றால் கையைப் பிடித்து இழுப்பது, அதுதான் சகஜமாகப் புழங்குகிற வார்த்தை. என் கையைப் பிடித்தார், வலித்தது என்று முடித்துக்கொண்டான். இரண்டு நாள் பாத்ரூமில் வைத்துப் பூட்டினதைச் சொன்னாள். குழந்தை கதவுக்கு வெளியே தரையில் படுத்து அழுததைச் சொன்னாள், அவர் ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்ததைச் சொன்னாள். பூட்டினார் என்பதற்கு வந்த வார்த்தையெல்லாம் ஜெயில் வார்த்தையாக இருந்தது. என்னை வெளியே விடவில்லை என்று எழுதினான். டிவி எதற்கு, கதை அளக்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டான்.

கடைசியில் அவள் சொன்னாள், "அவர் சாவி போடற சத்தம் கேட்டாலே உயிர் போயிடும்ணா. இப்பக்கூட, உன் வீட்டுக் கதவுல அண்ணி சாவி போட்டாலும்."

அதற்குத்தான் அவன் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். 'டெரிஃபைட்' சினிமா போஸ்டர். 'ஸ்கேர்ட்' பூச்சாண்டிக்குப் பயப்படுகிற பிள்ளைகள் சொல்வது. ஷட்டருக்கு அடியில் குனிந்து எதிரே பார்த்தான். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பெண்கள் எதற்கோ தலையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். 'அப்செட்' என்று அடித்தான். ஆயிரம் தடவை அங்கே கேட்ட வார்த்தை, இயல்பு என்றால் அதுதான் இயல்பு.

பூசி மெழுகினாய் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பான். ஒவ்வொரு இடத்திலும் நாலு வார்த்தை கைக்கு வந்தது, நாலில் எது ரொம்பக் குறைவாகச் சுட்டதோ அதுவே அவன் காதுக்கு இயல்பாகப் பட்டது. வேலைக்கு மனு எழுதும்போது அப்படிப் பட்டதில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது.

பாத்ரூம் விஷயம் போட்டாயா என்று தங்கை கேட்டாள். போட்டிருக்கேம்மா என்றான். அது பொய்யும் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

சலவைக்கடையில் வேலை பார்க்கிற அண்ணிக்கு இங்கிலீஷ் அரைகுறை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த இரண்டு பக்கத்தையும் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இவ சொன்னப்ப ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. இதைப் படிச்சா கொட்டாவி வருது" என்றாள். உனக்கு இங்கிலீஷ் தெரியாது, உன் வேலையைப் பார் என்றான். வக்கீலம்மா கோர்ட் வராந்தாவில் நின்றபடியே, கக்கத்தில் பத்து ஃபைலோடு, மளமளவென்று படித்தாள். ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறது, இவ்வளவுதானா நடந்தது என்று கேட்டாள். முதல் பாதி அவன் காதில் விழுந்தது, இரண்டாவது பாதி விழவில்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் கேட்கிற கேள்விக்குத் தங்கையே பதில் சொல்லவேண்டும், எழுதினதும் சொல்வதும் ஒத்துப்போகவேண்டும். ஒரு வாரம் அவள் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தான். கிளிப்பிள்ளை மாதிரி அவளும் திருப்பிச் சொன்னாள்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நடுவில் நீள மேசை, ஒரு பக்கம் தண்ணீர் ஜாடி, சுவரில் நிற்காமல் ஓடுகிற கடிகாரம். ஜட்ஜ் ஒரு வயதான பெண்மணி, முகத்தில் கடுகடுப்பு இல்லை. மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அண்ணன் பின்வரிசையில். அங்கே அவன் வாய் திறக்கக்கூடாது.

மாப்பிள்ளையின் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. அந்த இரண்டு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்குள் ஒரு 'ஃபைட்' நடந்தது, அப்படித்தானே என்றார். 'எஸ்' என்றாள். உங்கள் கையைப் பிடித்தார், வலித்தது, அவ்வளவுதானே என்றார். 'எஸ்' என்றாள். வெளியே போகவேண்டாம் என்று தடுத்தார், நீங்கள் 'அப்செட்' ஆனீர்கள். 'எஸ், அப்செட்' என்றாள். சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் சொல்லிவிட்டோம் என்று அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவன் முதல் தடவையாக நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

எல்லா வீட்டிலும் இருப்பதுதானே என்பது போல வக்கீல் கைகளை விரித்தார். அவளுக்கும் ஏதோ பொறி தட்டியிருக்கவேண்டும். இடது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். "முறுக்கினார்" என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல, "முறுக்கி ஒடிச்சார்ம்மா" என்றாள். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் பின்வரிசையில் இருந்தான்.

ஜட்ஜம்மா முன்னால் சாய்ந்தாள். வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளரை வைத்து இன்னொரு நாள் கேட்கலாம், அதற்கு முன் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், இதில் எழுதியிருப்பது நீங்கள் சொன்னதுதானா, சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள். தங்கைக்குக் கேள்வி புரிந்தது. பதில்தான் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். வக்கீலம்மாவும் திரும்பிப் பார்த்தாள்.

இல்லை என்று தலையை ஆட்டினால் போதும். வேறு எதுவும் வேண்டாம். ஆனால் ஆட்டினால் இதை எழுதினது யார், ஏன் இப்படி எழுதினான், இந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்தது யார், போனில் அழுதவளைத் திருப்பி அனுப்பினது யார் என்று நூல் பிடித்த மாதிரி ஒவ்வொன்றாக வெளியே வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அந்தச் சோற்றைக் கிளற எப்படி மனசு வரும்? அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். 'எஸ்' என்றாள் அவள்.

புதன்கிழமை தீர்ப்பு வந்தது. அவனே படித்தான், படித்துச் சொல்லவும் அவன்தான் இருந்தான். கணவன் மனைவிக்குள் சச்சரவு இருந்திருக்கிறது, ஆனால் ஆபத்து என்று சொல்லும்படி மனைவியே எதுவும் சொல்லவில்லை, ஆகவே பாதுகாப்பு உத்தரவு இல்லை. குழந்தை நாலு நாள் அம்மாவிடம், மூன்று நாள் அப்பாவிடம். வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து.

தங்கை அழவில்லை. குழந்தையின் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அதன் மேலேயே தன்னுடைய புடவைகளையும் வைத்தாள். அண்ணிக்குப் புரிந்துவிட்டது. உனக்கென்ன பைத்தியமா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையை அந்த வீட்டுக்குத் தனியாக அனுப்பமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் மடிப்பதைத் தொடர்ந்தாள்.

அவன் அப்பீல் பற்றிப் பேசினான். இருபத்தெட்டு நாள் டைம் இருக்கிறது, இந்தத் தடவை வேறு மாதிரி எழுதுகிறேன், ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன், இப்போதே சொல்லு என்று பேனாவும் பேப்பருமாக வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"வேணாம்ணா" என்றாள். மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணு கேக்கவா? அன்னிக்கு நான் சொன்னப்ப, நீ நம்பினியா?"

"நம்பினேம்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்புறம் ஏண்ணா எழுதல?"

இங்கிலீஷில் அப்படி எழுதினால் இயல்பாக இருக்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. "எழுதினா," என்றான், "உன்னை அங்க கொண்டுபோய்த் தள்ளினது நான்தான்னு ஆயிடுமேன்னு."

ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ பேனாவைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"அது எனக்கு முன்னாடியே தெரியும்ணா" என்றாள். "அந்த ஜட்ஜம்மாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாமப் போச்சு."

வியாழக்கிழமை முழுவதும் அண்ணி அவனோடு பேசவில்லை. வக்கீலம்மாவுக்கு அண்ணியே போன் பண்ணி, தனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில், கையை உடைத்தான், பாத்ரூமில் பூட்டினான், இரண்டு நாள், இரண்டு நாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு, இதை ஏன் என்னிடம் அப்போதே சொல்லவில்லை என்று அந்தம்மா கேட்டது ஸ்பீக்கரில் அவனுக்கும் கேட்டது. அப்பீல் போடுகிறேன், ஆனால் வெள்ளிக்கிழமையைத் தடுக்க முடியாது என்றாள். கோர்ட்டில் சரி என்று சொன்னவளே பிறகு இல்லை என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கார் வந்து நின்றது. குழந்தை அம்மாவின் முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டான். வா என்றுகூடச் சொல்லவில்லை. தங்கை யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஏறி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன்காரன் பையைத் தூக்கிக்கொண்டு போய் டிக்கியில் வைத்தான்.

மாப்பிள்ளை டிக்கியை மூடினான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சிநேகமாக, இவன் தோளில் கை போட்டான்.

"உங்க இங்கிலீஷ் பிரமாதம் மச்சான். இவ்வளவு நல்லா எழுதின பேப்பரை இதுவரைக்கும் பார்த்ததில்லன்னு எங்க வக்கீலே சொன்னார்."

"தேங்க்ஸ்" என்றான் டிக்‌ஷனரி. கார் ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது.